கருவுறும் முன்பே கேட்போம்

வலிப்பு நோயுள்ள பெண் திருமணம் செய்துகொள்ளலாம், தாயாகலாம். நம் குடியிருப்புகளில் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முறையான சிகிச்சையில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெறுகிறார்கள். கேரளத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1998 முதல் இப்பெண்களுக்கென்றே ஒரு பதிவேடு வைத்துக் கவனித்துவருகிறது.

ஆனால் அந்தக் கவனிப்பு கருவுறும் முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைப் பெண் உறுதி செய்துகொள்வதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். நமது மகப்பேறு உதவித் திட்டமோ 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. உதவித்தொகைக்கு அது போதும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு அது காலம் கடந்த பதிவு.

எந்த மாத்திரை என்பதே முக்கியம்

வலிப்புக்குத் தரப்படும் மருந்துகளில் சோடியம் வால்ப்ரோயேட் ஒன்று. கருவுற்ற காலத்தில் இதைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல் போன்ற வளர்ச்சியில் பாதிப்பு வரலாம். கருவுறும் வயதுப் பெண்களுக்கு இம்மருந்தைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது. லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற, ஆபத்து குறைந்த மருந்துகள் இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும், உயிரே போகலாம். மருந்தை மாற்றுவது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதனால்தான் முன்கூட்டியே கேட்கச் சொல்கிறோம்.

மறைப்பதால் வரும் கேடு

கேட்கவிடாமல் தடுப்பது வெட்கம். மகளுக்கு வலிப்பு என்றால் தாலி ஏறும்வரை பெற்றோர் வாய் திறப்பதில்லை. புகுந்த வீட்டில் மாத்திரையை எடுத்து விழுங்க இடமில்லாமல் அவள் விட்டுவிடுகிறாள். பிறகு ஒருநாள் அடுப்படியிலோ கிணற்றடியிலோ விழுகிறாள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள்; சாவியால் வலிப்பு நிற்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும்.

அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று இந்து திருமணச் சட்டத்திலேயே ஒருகாலத்தில் எழுதியிருந்தது. 1999-ல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். சட்டத்திலிருந்து போனது ஊர் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

நமக்கு இன்னொரு பழியும் உண்டு. “பன்றிக்கறி தின்கிறவர்கள், அதனால்தான் வலிப்பு” என்பார்கள். மூளையில் நாடாப்புழுக் கட்டி உண்டாகி வலிப்பு வருவது உண்மை. சரியாக வேகாத கறியால் குடலில் புழு வளரும் என்பதும் உண்மை. ஆனால் மூளைக் கட்டிக்குக் காரணம், அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை. அசுத்தமான தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக அது யார் வயிற்றுக்கும் போகும். பன்றிக்கறியைத் தொடாத நியூயார்க் யூதர் சிலருக்கே இந்நோய் வந்ததை 1992-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கழிப்பறையும் நல்ல தண்ணீரும் வந்து சேராத தெருவில் நோய் வந்தால், வெட்கப்பட வேண்டியது அந்தத் தெரு அல்ல.

கேட்க வேண்டியவை

வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள், திருமணம் பேசத் தொடங்கும்போதே மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நான் சாப்பிடும் மருந்தின் பெயர் என்ன? கருவுற்றால் அது பாதுகாப்பானதா? ஃபோலிக் அமில மாத்திரை எவ்வளவு, எப்போதிருந்து சாப்பிட வேண்டும்? பிள்ளையைத் தள்ளிப்போட எந்த முறை எனக்குப் பொருந்தும்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன் ஆகிய மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். காப்பர்-டி போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. மாணவிகள் அதைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் வலிப்பு மருந்து சாப்பிடுபவருக்கு அந்த அளவு போதாது.

ஒரு மாத மாத்திரைக்காக ஒருநாள் கூலியை இழந்து நகரத்துக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் நம் பெண்கள். ஆபத்து குறைந்த மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர், கருவுற்ற பெண்களைப் பதிவு செய்வதுபோல வலிப்பு மருந்து சாப்பிடும் இளம்பெண்களையும், ரகசியம் காத்து, பதிவு செய்ய வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.