57 டெல்... 20 எலும்பு... நிஜமாவா பாஸ்?

அன்னையர் தினம் வந்தா போதும், மொபைல்ல வரிசையா வந்து விழும் அந்த மெசேஜ். மனித உடம்பு தாங்கக்கூடிய வலி 45 டெல்லாம். பிரசவ நேரத்தில் ஒரு தாய் தாங்குவதோ 57 டெல்லாம். 20 எலும்புகள் ஒரே சமயத்தில் முறிவதற்குச் சமமாம். தாயை மதிக்கிறவர் என்றால் உடனே பகிரணுமாம். நாமும் கண் கலங்கி நாலு குரூப்புக்குத் தட்டிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘ம்மா... காபி!’ன்னு குரல் கொடுப்போம்.

ஒரு நிமிஷம் யோசிங்க ஃப்ரெண்ட்ஸ். உடம்பு தாங்குறதே 45தான்னா, 57 எங்கேருந்து வந்தது? 20 எலும்பை ஒரே நேரத்துல உடைச்சுக்கிட்டு, பிள்ளையும் பெத்து, ‘ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா’ன்னு சொன்ன அந்த மகராசி யாரு? ‘டெல்’னு நமக்குத் தெரிஞ்சது கீ-போர்டு ஓரத்துல இருக்குற பட்டன் மட்டும்தான். மருத்துவத்தில் அப்படி ஓர் அளவே கிடையாது.

‘அப்ப பிரசவ வலியெல்லாம் சும்மாவா?’ன்னு கிளம்பிடாதீங்க. வலி நிஜம். அதை மத்த வலிகளோட எப்படி ஒப்பிடுறதுன்னு தெரியாம விஞ்ஞானிகள் 80 வருஷமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கிறதும் நிஜம். அந்தக் கதை, ஃபார்வர்டைவிட சுவாரஸ்யமானது.

நெத்தியில மை, கையில சூடு!

1940-களில் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜேம்ஸ் ஹார்டி, ஹெரால்ட் வுல்ஃப், ஹெலன் குடெல் என்று மூன்று பேர். காய்ச்சலை அளக்க தெர்மாமீட்டர் இருக்கிற மாதிரி, வலியை அளக்கவும் ஒரு மீட்டர் வேணும்னு களமிறங்கினார்கள். நெற்றியில் கறுப்பு மை பூசி, ஒரு விளக்கின் வெப்பத்தை லென்ஸ் வழியா அந்த இடத்தில் 3 விநாடி குவிப்பார்கள். சோதனை எலி வேற யாருமில்லை, அவங்களேதான்! கருவியின் பேர் ‘டோலோரிமீட்டர்’. வலியின் அலகு ‘டோல்’. நம்ம ஃபார்வர்ட் மெசேஜின் ‘டெல்’லுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் யாராவது இருந்தா, அது இந்த ‘டோல்’தான்.

இதில் உச்சம் எவ்வளவு தெரியுமா? 10.5. அதுக்கு மேல சூட்டை ஏத்தினாலும், ‘வலி கூடுது’ன்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியலை. 57-க்கு அங்க இடமே இல்லை.

அடுத்து அவங்க செஞ்சதுதான் அதிர்ச்சி ரகம். ஹார்டியும், கார்ல் ஜாவெர்ட் என்ற மகப்பேறு மருத்துவரும் கருவியோட பிரசவ வார்டுக்கே போயிட்டாங்க. ஒரு வலி வந்து ஓய்ஞ்சதும், பெண்ணின் கையில் சூடு வைப்பது. ‘இப்ப வந்த வலி இதைவிட அதிகமா, கம்மியா?’ன்னு கேட்பது. 13 பெண்களிடம் நடந்த இந்த ஆய்வு 1949-ல் வெளியானது. பிரசவம் நெருங்க நெருங்க வலி ஏறி, சிலருக்கு 10.5 என்ற கூரையையே தொட்டது. ஒரு பெண்ணுக்குக் கையில் தீக்காயமே ஆகிவிட்டது. படிக்கிற நமக்கே பதறுது இல்ல?

இவ்வளவும் பண்ணி, கடைசியில் அந்த மீட்டர் நிலைச்சுதா? ம்ஹூம். ஹார்வர்டைச் சேர்ந்த ஹென்றி பீச்சர் போன்றவர்கள் ‘ஆய்வுக்கூடத்து சூடும், ஆஸ்பத்திரி வலியும் ஒண்ணு கிடையாது’ என்று கேள்வி எழுப்பினார்கள். டோல் மெல்ல மறைந்தே போனது.

சுரீர்... விண் விண்... கடுகடு!

அடுத்து வந்தவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக். ‘வலிக்கு நம்பர் கேட்டா எப்படி? வார்த்தையைக் கேளுங்க!’ என்றார். 1975-ல் அவர் வெளியிட்ட கேள்வித்தாளில் வலியை விவரிக்கும் 78 வார்த்தைகள், 20 குழுக்களாக இருக்கும். உங்க வலிக்குப் பொருந்துறதை டிக் பண்ணணும். அதை வெச்சு மார்க்.

இந்த ஐடியா நமக்குப் புதுசா என்ன? பல்லு ‘விண் விண்’னு தெறிக்கும். ஊசி ‘சுருக்’குனு குத்தும். மூட்டு ‘குடையும்’. தேள் கொட்டினா ‘கடுகடு’ன்னு கடுக்கும். தமிழ்ல ஒரு மெல்சாக் இருந்திருந்தா 78 வார்த்தை பத்தியிருக்காது!

1981-ல் அவரும் குழுவினரும் பிரசவ வலியில் இருந்த 141 பெண்களை இந்த முறையில் ஆராய்ந்தார்கள். சராசரி மார்க்கைப் பார்த்தா... பல்வலி, எலும்பு முறிவு, மூட்டுவலி, நாள்பட்ட முதுகுவலி, புற்றுநோய் வலி எல்லாத்துக்கும் மேல நின்றது பிரசவ வலி. அதையும் தாண்டி இருந்தவை விரல் துண்டாகிப் போற வலியும், நரம்பு அடிபட்ட பிறகு தீயா எரியுற ‘காசால்ஜியா’ங்கிற வலியும்தான்.

ஆக, ‘பிரசவ வலி ரொம்பப் பெரிய வலி’ங்கிறது ஆதாரத்தோட உண்மை. 20 எலும்புக் கணக்குதான் உடான்ஸ்.

ஏன் ‘இடுப்பு வலி’?

கருப்பை என்பது ஒரு தசைப்பை. அது இறுகி இறுகி, அதன் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கணும். எவ்வளவு? 10 செ.மீ. ஒரு சி.டி.யைவிடக் கொஞ்சம்தான் சின்னது! இந்த வலிச்செய்தியைக் கொண்டு போற நரம்புகளும், முதுகு, அடிவயிற்றுத் தோலிலிருந்து வர்ற நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேருது. அதனால மூளைக்குக் குழப்பம். வலிக்கிறது கருப்பை, தெரியறது இடுப்புல. அனாட்டமி படிக்காத நம்ம பாட்டிங்க அதுக்கு ‘இடுப்பு வலி’ன்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க.

கடைசிக் கட்டத்தில் குழந்தையின் தலை கீழே இறங்கும்போது வலியின் குணமே மாறிடும். அதுவரை பரவலா இழுத்த வலி, இப்ப ஒரே இடத்தில் கூர்மையா, கிழிக்கிற மாதிரி வரும். முதல் பிரசவத்தில், 5 செ.மீ. திறந்த பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எலும்பு முறிஞ்சா அசையாம வெச்சுக் கட்டுப் போடுவாங்க. இங்கே அந்த வலியிலேயே ‘முக்கும்மா... இன்னும் கொஞ்சம்!’னு வேலையும் வாங்குவாங்க. எந்த ஸ்கேல்லயும் ஏறாத வித்தியாசம் இது.

யாருக்கு ஃபர்ஸ்ட் ரேங்க்?

காலேஜ் கேன்டீன்ல ஒரு பஞ்சாயத்து நிச்சயம் உண்டு. ‘கிரிக்கெட் பால் படக்கூடாத இடத்துல பட்டா அதைவிட வலிக்கும்டா!’ இந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது பாஸ். ரெண்டையும் அனுபவிச்ச சாட்சி வேணுமே!

ஆனா, பிரசவ வலியையும் வேற பெரிய வலியையும் சேர்த்து அனுபவிச்ச பெண்கள் இருக்காங்க. ‘கிளஸ்டர் தலைவலி’ன்னு ஒண்ணு. ஒரு பக்கக் கண்ணைச் சுத்தி, 15 நிமிஷத்திலிருந்து 3 மணி நேரம் வரை, ஒரே நாளில் பல தடவைகூட வந்து உலுக்கிடும். இதால அவதிப்படும் 1,604 பேரிடம், அவங்க வாழ்க்கையில் அனுபவிச்ச மற்ற வலிகளுக்கும் சேர்த்து 10-க்கு மார்க் போடச் சொன்ன ஆய்வு 2020-ல் வந்தது. தலைவலிக்கு 9.7. பிரசவ வலிக்கு 7.2. கணைய அழற்சிக்கு 7.0. சிறுநீரகக் கல்லுக்கு 6.9. துப்பாக்கிக் குண்டு காயத்துக்கே 6.0தான்!

‘ஹய்யா, பிரசவம் ரெண்டாவது ரேங்க்!’னு குதிக்கறதுக்கு முன்னாடி கவனிங்க. 7.2 என்பது சராசரி. அதுக்குள்ள 5 போட்டவங்களும் உண்டு, 10 போட்டவங்களும் உண்டு. மெல்சாக் ஆய்விலும் அப்படித்தான். சில பெண்கள் லேசான வலின்னு சொன்னாங்க. சிலருக்கு உயிர் போற வலி. முதல் பிரசவத்தைவிட அடுத்ததுல வலி சராசரியா குறைவு. மொத்தத்துல, ‘பிரசவ வலி இவ்வளவு’ன்னு ஒரே நம்பர் கிடையாது. அந்தந்தப் பெண்ணுக்கு அந்தந்த நாளோட வலி, அவ்வளவுதான்.

குண்டு பட்டும் வலிக்கலை!

அதே பீச்சர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலி போர்முனையில் மருத்துவரா இருந்தவர். பலத்த காயத்தோட வந்த வீரர்களில் முக்கால்வாசிப் பேர் ‘வலி மருந்து வேணாம்’னு சொன்னதை 1946-ல் எழுதினார். பின்னாடி ஊர்ல சாதாரண ஆபரேஷன் ஆனவங்களைப் பார்த்தா, பெரும்பாலானவர்கள் மருந்து கேட்டார்கள். வீரனுக்குக் காயம்னா, ‘அப்பாடா, உயிரோட வீட்டுக்குப் போறோம்!’னு அர்த்தம். ஆபரேஷன் பேஷன்ட்டுக்கோ அது கவலையின் ஆரம்பம்.

பயமும், தனிமையும், ‘எனக்கு என்ன ஆகுமோ’ங்கிற தவிப்பும் வலியைக் கூட்டும். நம்பிக்கையான ஒரு கை பிடிச்சிருந்தா தாங்குற சக்தி வரும். இது சென்டிமென்ட் டயலாக் இல்லைங்க. 15,000-க்கும் அதிகமான பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளை 2017-ல் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. பிரசவம் முழுக்கக் கூடவே ஆள் இருந்த பெண்களுக்கு வலி மருந்து தேவைப்பட்டது குறைவு. சிசேரியன் குறைவு. பிரசவ நேரமும் குறைவு. நம்ம தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும், பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்ற திட்டம் 2004-லேயே வந்தது.

பிரசவ வைராக்கியம்

‘இனிமே இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்’னு சபதம் போட்டுட்டு மறந்துபோறதை, நம்ம ஊர்ல ‘பிரசவ வைராக்கியம்’னு கிண்டல் பண்ணுவாங்க. அதையும் ஸ்வீடனில் ஆராய்ந்தார்கள். பிரசவமாகி 5 வருஷம் கழிச்சுக் கேட்டப்போ, ஏறக்குறைய பாதிப் பெண்கள் ஆரம்பத்தில் சொன்னதைவிடக் குறைவாகவே வலியை நினைவுகூர்ந்தார்கள். ஆனா, மொத்த அனுபவமே மோசம்னு சொன்ன பெண்களுக்கு அந்த வலி மங்கவே இல்லை. அப்படியே நினைவில் இருந்தது.

இங்கேதான் நம்ம மேட்டர் இருக்கு. வலியில் கத்துற பெண்ணைப் பார்த்து, ‘அப்ப தெரியலையா? இப்ப ஏன் கத்தறே?’ன்னு அதட்டுற பிரசவ அறைகளைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. திட்டும் அடியும் பிரசவ அறையில் கூடவே கூடாதுன்னு 2014-ல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கையே விட்டது. அன்னையர் தினத்துக்கு 57 டெல்னு ஃபார்வர்ட் பண்ற அதே சமூகம்தான், நிஜமாவே வலிக்குதுன்னு அவ சொல்லும்போது ‘எல்லாரும் பெத்தவங்கதான், சும்மா இரு’ங்குது. என்ன லாஜிக் இது?

வலியைக் கும்பிடறதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. அதைக் குறைக்கணும்னு தோணாமலே போயிடும். 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தப்போ, ‘வலியோட பெறுறதுதான் விதி’ன்னு எதிர்த்தவங்க இருந்தாங்க. 1853-ல் விக்டோரியா மகாராணியே அதைக் கேட்டு வாங்கிக்கிட்டப்புறம் எதிர்ப்பு அடங்க ஆரம்பிச்சுது. இன்னிக்கு முதுகில் போடும் எபிடியூரல் ஊசி இருக்கு. விரும்பிக் கேட்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு அதைத் தரலாம்னு 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைச்சிருக்கு. ஆனா, ‘வலி தாங்காதவ எல்லாம் என்ன பொம்பளை’ங்கிற பேச்சு மட்டும் இன்னும் ஓயலை.

சிசேரியன் அம்மாக்களைக் கேளுங்க. ‘உனக்கென்ன, வலி தெரியாம பெத்துட்டே!’ன்னு ஒரு சொல். வயித்தைக் கிழிச்சுத் தைச்ச புண்ணோட, மறுநாளே எழுந்து நடந்து, இருமினாக்கூட வயித்தைப் பிடிச்சுக்கிட்டு பால் கொடுக்கறவகிட்ட! 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு சுமார் 45 சிசேரியன். அத்தனை பேரும் பாதி அம்மாவா? தத்தெடுத்து வளர்க்கறவங்க அம்மாவே இல்லையா? தாய்மைக்கு வலி என்ன நுழைவுத் தேர்வா?

நாம என்ன பண்ணலாம்?

* அடுத்த முறை ‘57 டெல்’ வந்தா, கீ-போர்டுல இருக்குற அந்த டெல்லையே அழுத்துங்க. இனிமே பிள்ளை பெறப் போற ஒரு பொண்ணு அதைப் படிச்சா பயம்தான் மிஞ்சும்.

* அக்காவுக்கோ அண்ணிக்கோ பிரசவ நேரம் நெருங்குதா? கூட யார் இருக்கலாம், வலி குறைக்க என்னென்ன வசதி உண்டுன்னு ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கச் சொல்லுங்க.

* பசங்களா... ‘இது லேடீஸ் மேட்டர்’னு நழுவாதீங்க. நாளைக்கு உங்க மனைவி ‘வலிக்குது’ன்னு சொன்னா, நீங்க கேட்க வேண்டிய ஒரே கேள்வி, ‘என்ன செய்யட்டும்?’

* கடைசியா, அம்மாகிட்ட உட்கார்ந்து, ‘நான் பொறந்தப்போ எப்படிம்மா இருந்துச்சு? கூட யாரு இருந்தாங்க?’ன்னு கேட்டுப் பாருங்க. எந்த யூனிட்டும் இல்லாம ஒரு கதை வரும். குறுக்கே பேசாம கேளுங்க. கேட்டு முடிச்சதும்... காபியை நீங்க போடுங்க!