மணல் விளைவிக்கும் புல்

ஸ்பெயின் பெருநிலத்துக்குக் கிழக்கே, இபிசா தீவுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது ஃபோர்மென்டேரா தீவு. பரப்பு சுமார் 83 சதுர கிலோமீட்டர்தான். பளிங்கு நீரையும் வெண்மணலையும் பார்க்கக் கோடையில் கூட்டம் அலைமோதும். ஆனால் கரையோரம் குவிந்துகிடக்கும் பழுப்புச் சருகைக் கண்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சருகை உதிர்த்த செடிதான் அவர்கள் தேடிவந்த நீரையும் மணலையும் கொடுத்தது.

பொசிடோனியா ஓசியானிகா என்பது அதன் பெயர். பாசி இனம் அல்ல. வேரும் தண்டும் இலையும் உள்ள கடற்புல். நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும். மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் இது கிடையாது. வெயில் எட்டுகிற ஆழம்வரை, அதாவது ஏறக்குறைய 40 மீட்டர்வரை, வயல்போலப் பரந்திருக்கும். நீரோட்டம் அதற்குள் நுழைந்ததும் வேகம் தணிகிறது, கலங்கல் அடியில் படிகிறது, நீர் தெளிகிறது. இலைகளிலும் புல்லுக்கிடையிலும் வாழும் சிற்றுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் நொறுங்கி நொறுங்கி மணலாகின்றன. குளிர்காலப் புயலில் அந்த மணல் அரித்துப் போகாமல் தாங்குவது, நாம் குப்பை என்று நினைக்கும் சருகுக் குவியல். தீவுவாசிகள் அந்த அருமையை முன்பே அறிந்தவர்கள்; வெக்கை இறங்காமலிருக்க வீட்டுக் கூரையில் அதைப் பரப்பினார்கள்.

வியப்பு இன்னும் இருக்கிறது. 2012இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஃபோர்மென்டேராவை ஒட்டி 15 கிலோமீட்டர்வரை விலகியிருந்த இடங்களில் எடுத்த புற்களும் ஒரே செடியின் கிளைகள் என்று கண்டது. அதன் வயதைப் பல பத்தாயிரம் ஆண்டுகள் என்று கணித்தார்கள். இந்தக் கணக்கை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம்தான். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று புல் நிற்கும் இடம் அப்போது காய்ந்த தரை. அவ்வளவு முதிய செடி என்றால், கடல் ஏற ஏற அதுவும் கரையைத் தொடர்ந்து ஏறிவந்திருக்க வேண்டும்.

அந்தப் புல்லைத்தான் உல்லாசப் படகுகளின் நங்கூரங்கள் கிழிக்கின்றன. தண்டு பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நீளும். ஒரு நிமிடத்தில் விழுந்த பள்ளம் மூட ஒரு தலைமுறை போதாது. இபிசாவோடு சேர்த்து இப்புல்வெளிகளை 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புல்மேல் நங்கூரமிடுவதை 2018இல் இவ்விரு தீவுகளும் அடங்கிய பலேரிக் தீவுகளின் அரசு தடைசெய்தது.

அங்கே போக வாய்த்தால், காலில் ஒட்டும் சருகை உதறிவிட்டு நடங்கள். அள்ளிக் கொட்டச் சொல்லாதீர்கள்.