பார்ப்பவர் மறைவில், படத்தில் இருப்பவர் தெருவில்

2010-இல் இலங்கைப் பொலிஸார் ஒரு காரியம் செய்தார்கள். இணையத்தில் உலவிய ஆபாச வீடியோக்களில் இருந்த 80-க்கும் மேற்பட்ட உள்நாட்டவரின் முகங்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டு, அடையாளம் காட்டுமாறு பொதுமக்களைக் கேட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்து, அவர் காசுக்கு நடித்தவரா, காதலனை நம்பிப் படமெடுக்க விட்டவரா, ஒளித்துவைத்த கமெராவில் சிக்கியவரா என்று சொல்ல முடியாது. அந்த வீடியோக்களைப் பார்த்து ரசித்த ஒருவரின் முகமும் அதில் இல்லை.

ஆபாசப் படம் அவரவர் சொந்த விஷயமா, சமூகப் பிரச்சினையா? கிழக்கிலங்கையில் ஒலுவில், நிந்தவூர், கல்முனைப் பக்கம் இதற்கு இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று, ‘ஹராம்’ (மார்க்கம் தடுத்தது) என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மற்றது, ‘அவன்ட போன், அவன்ட பாவம்’. இரண்டும் பார்ப்பவனைப் பற்றியே பேசுகின்றன. படத்தில் இருப்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பார்ப்பவரை நம் சட்டம் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. 1927-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் பிடிப்பது வியாபாரத்துக்கோ விநியோகத்துக்கோ பகிரங்கமாகக் காட்டுவதற்கோ தயாரிப்பவரையும் வைத்திருப்பவரையும்தான். பிள்ளைகளின் படமென்றால் கதை வேறு. 1995-இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 286அ பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பத்து வருடம் வரை சிறை. பிலிம் கழுவும் ஸ்டூடியோக்காரரின் கண்ணில் அப்படியொரு படம் பட்டால் உடனே பொலிஸில் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டளையிட்டது. ஸ்டூடியோக்கள் போய் போன் கடைகள் வந்துவிட்டன. 2006-இல் 286ஆ பிரிவு கணினிச் சேவை வழங்குவோர் மேலும் பொறுப்பைச் சுமத்தியது.

அக்கரையில், இந்தியாவிலும் ஏறக்குறைய இதே கோடுதான். தனியே பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. மனைவி ஆபாசப் படம் பார்க்கிறார் என்று விவாகரத்துக் கேட்ட கணவருக்கு, அது கொடுமையாகாது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பதில் கொடுத்தது. இத்தகைய படங்கள் பெண்ணைக் கேவலப்படுத்துகின்றன, ஒழுக்கப்படி நியாயப்படுத்த முடியாது என்றும் சொன்ன நீதிபதிகள், ஒழுக்கம் வேறு, சட்டமீறல் வேறு என்று நிறுத்திக்கொண்டார்கள். சிறார் ஆபாசப் படத்தைத் தனியே பார்ப்பதும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னையில் வந்த தீர்ப்பை மட்டும் இந்திய உச்ச நீதிமன்றம் அதே வருடம் செப்டெம்பரில் தூக்கி எறிந்தது.

‘அடிமையாகிவிட்டான், இது நோய்’ என்ற பேச்சிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாக ஏற்கிறது. தொழில், குடும்பம், உடல்நலம் எல்லாம் கெட்டும் மாதக்கணக்கில் விட முடியாமல் தவிப்பதே அதன் அடையாளம். பாவம் செய்துவிட்டோமே என்ற மனவுறுத்தல் மட்டும் அந்தக் கணக்கில் வராது. தௌபா என்ற பாவமன்னிப்புக்கும் டொக்டருக்கும் வேலை வேறு வேறு.

அப்படியானால் சொந்த விஷயம் என்று விட்டுவிடலாமா? 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் இந்தக் கரைக்கு ஒரு பாடம் படிப்பித்தது. அலைதடுப்புச் சுவரால் மணலின் ஓட்டம் மாறி துறைமுக வாய் தூர்ந்தது. வடக்கே தென்னந்தோப்புகளைக் கடல் தின்றது. கல் போட்டது ஓரிடம், காணி போனது இன்னோர் இடம். ஆபாசப் படத்திலும் அப்படித்தான்: பார்ப்பது ஓரிடம், பாதிப்பு இன்னோர் இடம்.

திரையில் ஓடுவது சம்மதத்தோடு எடுத்ததா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. பல நேரம் தளத்துக்கே தெரிவதில்லை. 2020 டிசெம்பரில் கடன் அட்டை நிறுவனங்கள் கையை விரித்த பிறகுதான் போர்ன்ஹப் என்ற ஆபாசத் தளம், யார் ஏற்றியது என்று உறுதி செய்யப்படாத இலட்சக்கணக்கான வீடியோக்களை முடக்கியது. தமிழ்நாட்டின் பொள்ளாச்சியில் வீடியோவே ஆயுதமானது: பெண்களை வன்கொடுமை செய்து, படமெடுத்து, அதை வைத்தே மிரட்டினார்கள். 2019-இல் வெளிவந்த அந்த வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று 2025 மே மாதம் தீர்ப்பானது.

நம் ஊர்களில் சேதம் இன்னும் வேகமானது. மருதமுனையில் கிளம்பும் வீடியோ கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி ஒலுவிலுக்கு வருமுன் கட்டாருக்கும் போய்விடும். பெருநகரத்தில் அது யாரோ ஒரு பெண். இங்கே இன்னாரின் மகள், இன்ன பள்ளி மஹல்லா. வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளைக்கு மனைவி அனுப்பிய படம் குற்றமில்லை. அந்தப் போனின் கண்ணாடி உடைந்து கடைக்குப் போகிறது. ‘பெட்டனப் போட்டுத் தாங்க ராத்தா, டிஸ்ப்ளே செக் பண்ணணும்’ என்கிறார் கடைத்தம்பி. பெரும்பாலானோர் நல்ல பிள்ளைகள்தான். கெடுக்க ஒருவர் போதும். பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் குத்பா உரைகளைக் கேட்டு வளர்ந்த நாம், அடுத்தவர் மானத்தைக் காக்கச் சொல்லும் அதே மார்க்கத்தை வட்ஸ்அப் குழுவில் மறந்துவிடுகிறோம். ‘பாருங்க, எவ்வளவு கேவலம்’ என்று எழுதி அனுப்புபவரும் அனுப்பியவர்தான்.

படம் வெளியேறிவிட்டால், பயத்தில் எதையும் அழிக்க வேண்டாம். மிரட்டல் செய்தி, எண், இணைப்பு, திகதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். மிரட்டுபவனுக்குக் காசு கொடுத்தால் அடுத்த முறை கூடக் கேட்பான். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற அழைப்பு எண்கள் உண்டு. 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், துன்புறுத்தும் நோக்கில் ஒருவரின் அந்தரங்கத் தகவலை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. கருத்துரிமையை நெரிக்கும் சட்டம் என்று அது விமர்சனம் வாங்கிக்கட்டியது சரிதான். ஆனாலும் இந்த ஏற்பாடு தேவையானது.

2021 முதல் இயங்கும் ‘ஸ்டொப் என்சிஐஐ’ என்ற இலவசத் தளமும் உதவும். படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண்கோவை உருவாகி, அது மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அதை வைத்து அதே படத்தைத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று தனித் தளம் இருக்கிறது. வட்ஸ்அப்பின் பூட்டிய உரையாடலுக்குள் இந்த எண்கோவை நுழையாது. அங்கே தடுக்கும் அதிகாரம் குழு அட்மினிடமும் கையில் வாங்கியவரிடமும்தான் இருக்கிறது.