மகள் சொன்ன பிறகே மீன்

வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எனக்குக் கை நடுங்கும். அப்படிப்பட்டவனை ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வைத்தது, வரவேற்பறையில் வைத்த பவளத் தொட்டி.

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 450 கிலோ. கண்ணாடி, கல், மணல் தனி. நாங்கள் இருப்பது தரைவீடு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

வடிகட்டிய தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை. சமையல் உப்பு உதவாது. நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும்; பவளத்துக்கு 25, 26 போதும். எனவே சில்லர் தேவை, கரண்ட் பில்லும் ஏறும்.

10ஆம் நாள் பொறுக்க முடியாமல், ‘நீமோ’ படத்தில் வரும் கோமாளி மீன்கள் இரண்டை விட்டேன். மூன்றே நாளில் இரண்டும் செத்தன.

“தண்ணி சுத்தமாத்தானே இருக்குப்பா?” என்றாள் ஒன்பது வயது மகள்.

கண்ணுக்குச் சுத்தம்தான். ஆனால் மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் பெருக வாரக்கணக்காகும். சோதனையில் முதல் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடலாம்.

அடுத்த முறை மகளே சோதித்து, காலண்டரில் குறித்து வந்தாள். 41ஆம் நாள், “இப்ப விடலாம்பா” என்றாள்.

அந்த மீன்கள் இன்றும் நீந்துகின்றன. பவளத்துக்கு இன்னும் சில மாதம் போகட்டும் என்கிறாள். சரி என்றேன்.