குறி தவறும் துவக்கு

இடியன் துவக்கு என்றால் எமது கமக்காரக் குடும்பங்களின் மூத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து இறுக்கி வெடிக்க வைக்கும் பழைய துவக்கு அது. பன்றிக் காவலுக்குப் பரணில் இருந்தவர்களிடம் பெரும்பாலும் இதுதான் இருந்தது. எனது பெரியப்புவிடமும் அனுமதிப்பத்திரத்தோடு ஒன்று இருந்தது. இருபது யார் தூரத்தில் நின்ற பன்றிக்கு அவர் வைத்த வெடி, பக்கத்து வாழையில் பட்டது. “மருந்து காணாது” என்று அடுத்த இரவு கூடுதலாகப் போட்டார். அதற்கு அடுத்த இரவு இன்னும் கூடுதலாக. மூன்றாம் இரவு குழலின் அடிப்பக்கம் பிளந்து இடக்கையின் இரண்டு விரல்கள் போயின. பன்றி அன்றும் தப்பியது.

துவக்கு குறி தவறினால் மருந்தைக் கூட்டுவது எம்மவரிடம் மட்டும் இருந்த பழக்கமல்ல. குறி ஏன் தவறுகிறது என்பது இங்கிலாந்து இராணுவத்துக்கே ஒரு காலத்தில் விளங்கவில்லை. 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் றைபிளும் வாய்வழி மருந்திடும் துவக்குத்தான். எனினும் அதன் குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் மூன்று தவாளிப்புகள் இருந்தன. அவை குண்டைப் பம்பரம்போலச் சுழல வைக்கும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோலச் சுழலும் குண்டும் நேரே போகும். எமது இடியன்களில் அநேகமானவற்றுக்கு இந்தத் தவாளிப்பு இல்லை. ஆகவே ஒற்றைக் குண்டு தூரம் போகப்போக எங்கே திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. அது துவக்கின் பழுதல்ல, அதன் பிறவிக்குணம்.

தவாளிப்பு இருந்தும் என்பீல்ட் துவக்குகள் ஒன்றுபோல் சுடவில்லை. ஒன்று குறியில் படும், அதே அளவில் செய்த மற்றொன்று விலகும். 1854இல் இவற்றைச் செய்வதற்கு நல்ல இயந்திரங்கள் அமைத்துத் தரும்படி மன்செஸ்டர் பொறியியலாளர் ஜோசப் விற்வேத்திடம் அரசு கேட்டது. பழைய ஆங்கிலேய நீரிறைக்கும் இயந்திரங்களின் சுரை கழற்றியவர்களுக்கு இவர் பெயர் பழக்கமானதே. ‘விற்வேத் புரி’ என்பது இவர் 1841இல் வகுத்த அளவு.

சரியான குழல் எது என்று தெரியாமல் அதைச் செய்யும் இயந்திரத்தை எப்படி அமைப்பது என்று அவர் கேட்டார். தமது வீட்டுக் காணியில் 500 யார் நீளமான மூடிய கூடம் ஒன்றைக் கட்டினார். உள்ளே குண்டு போகும் வழியில் மெல்லிய கடதாசித் திரைகள். துளைகளைப் பார்த்தால் குண்டு எந்த இடத்தில் விலகத் தொடங்கியது என்று தெரிந்துவிடும். முதற் கூடத்தைப் புயல் சாய்த்தது. திரும்பக் கட்டி, 1855இல் சுட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

பழுது மருந்தில் இருக்கவில்லை. என்பீல்ட் குழலில் சுருள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்கு 78 அங்குலம் வேண்டும். குழலின் நீளமோ 39 அங்குலம். ஆக, குண்டு அரைச் சுற்றோடு வெளியே வந்தது. நீண்ட குண்டை நேரே பிடித்து வைக்க அது போதாது. விற்வேத் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார், குழலைச் சிறிதாக்கி அறுகோணமாக்கினார், குண்டையும் அதே வடிவில் அச்சொட்டாகச் செய்தார். 1857இல் ஹைத் என்ற இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டனர். 500 யாரில் என்பீல்ட் குண்டுகளின் சராசரி விலகல் ஏறத்தாழ இரண்டேகால் அடி. விற்வேத்தினுடையது ஏறத்தாழ நாலரை அங்குலம்.

இருந்தும் இராணுவம் அதை எடுக்கவில்லை. விலை அதிகம். அத்தோடு, சிறிய குழலில் கரி விரைவாகப் படிந்து அடைத்தது. கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் புகையும் கரியுமான திண்மமாகவே மிஞ்சும். கணக்குத் தெரிந்த மேதையின் துவக்கையும் கரி தோற்கடித்தது என்றால், வருடக்கணக்காகத் துடைக்காத துவக்கைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

வாய்வழித் துவக்கு குறி தவறும்போது அனுபவசாலிகள் முதலில் பார்ப்பதும் கரியைத்தான். முதல் வெடி சரியாகப் பட்டு அடுத்தடுத்தவை விலகினால் காரணம் பெரும்பாலும் அதுவே. ஒவ்வொரு வெடிக்கும் பின் ஈரத்துணியாலும் உலர்துணியாலும் துடைப்பார்கள். அடுத்து, குண்டைச் சுற்றிய துணி. வெடித்தபின் அது முன்னால் நிலத்தில் கிடக்கும். தேடி எடுத்துப் பார்த்தால் பாதிக் கதை தெரியும். நடுவில் எரிந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது மருந்து அதிகம். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் குழல்வாயில் பிசிர் உண்டு. வாயில் சிறு நெளிவு இருந்தாலே குண்டு விலகும், ஏனென்றால் குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அது. மருந்தைக் கூட்டினால் துணி கிழிந்து, குண்டு தவாளிப்பைப் பற்றாமல் வழுக்கிப் போகும். விலகல் குறையாது, கூடும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே விற்வேத் செய்த வேலையும்.

குண்டு மருந்தின்மேல் ஒட்டி இருக்கவேண்டும். இடையே வெற்றிடம் இருந்தால் குழல் வெடிக்கலாம். சரியாக இடித்த ஆழத்தைக் கோலில் அடையாளமிட்டு வைத்தால் இது உடனே தெரியும். நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்த வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், ஓர் அவுன்ஸ் மருந்து போடும் துவக்கு வைத்திருந்தார். அந்த மருந்தைத் தாங்குவதற்காக அது 21 இறாத்தல் நிறையில் செய்யப்பட்டிருந்தது. தண்ணீர்க் குழாயில் செய்த துவக்கு எதைத் தாங்கும்? அதைத் திருத்த வழி தேடவேண்டாம். அதில் சுடவே கூடாது. பன்றிக்கு வழியில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் அப்படியே. அது சட்டவிரோதம். பன்றியின் காலுக்கும் பிள்ளையின் காலுக்கும் அது வித்தியாசம் காணாது.

ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு இன்னொன்று. இடிந்த வீட்டிலோ பற்றைக்குள்ளோ பழைய துவக்கு கிடந்தால் தொடவேண்டாம், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். இடியன் ஒன்றுக்குள் வருடக்கணக்காக வெடி கிடக்கலாம். உலர்ந்த கரிமருந்து பழையதானாலும் எரியும். அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் தங்கள் துவக்கைப் பார்க்க ஒரு வழி உண்டு. தொப்பி போடாமல், வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, கோலை உள்ளே அடிவரை விட்டு வாயருகே அடையாளமிடுங்கள். பின் அதே கோலைக் குழலின் வெளியே வைத்துப் பாருங்கள். குழலின் அடிக்கு எட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே வெடி இருக்கிறது. அதைக் கம்பியால் தோண்டாமல், விடயம் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.