ஈ தேனீயான கதை
ரோம் நகருக்குப் போறவங்க பார்பெரினி சதுக்கத்துப் பக்கம் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீரூற்றில் தேனீ. மாளிகையில் தேனீ. புனித பேதுரு பேராலயத்துக்குள் பெர்னினி எழுப்பிய வெண்கல விதானத்திலும் தேனீதான்! நீலத்தில் மூன்று பொன் தேனீக்கள், பார்பெரினி குடும்பத்தின் சின்னம்.

ஆனால் முதலில் அவை தேனீக்களே இல்லை. டஸ்கனியில் பார்பெரினோ என்ற சிற்றூரிலிருந்து வந்த இவர்களின் பழைய பெயர் தஃபானி. 'தஃபானோ' என்றால் மாடு, குதிரையைக் கடிச்சு ரத்தம் குடிக்கிற ஈ. சின்னத்திலும் அந்த ஈதான் இருந்தது. ஃபுளோரன்சில் வணிகம் செய்து காசு சேர்ந்ததும் பெயர் கூசியிருக்கும் போல. ஊர்ப்பெயரே குடும்பப் பெயரானது, ஈ தேனீயானது. 1623-ல் இந்தக் குடும்பத்து மஃபேயோ, எட்டாம் உர்பான் என்ற பெயரில் போப்பாண்டவரும் ஆனார். கலிலியோ மீதான விசாரணை நடந்தது இவர் காலத்தில்தான்.

ஊர் வாயை மூட முடியுமா? பழம்பெரும் பாந்தியன் கோயிலின் முகப்பு மண்டப வெண்கலத்தைப் பெயர்த்துப் பீரங்கி வார்க்க எடுத்தார் உர்பான். காட்டுமிராண்டிகளை லத்தீனில் 'பார்பரி' என்பார்கள். பார்பரிகளே விட்டுவைத்ததை பார்பெரினிகள் அள்ளிக்கிட்டாங்க என்று ரோமில் கேலி கிளம்பியது. பழைய பெயரே இருந்திருந்தால் இந்தச் சிலேடைக்கு வழியே இல்லை.