கொலஸ்டரோல் மருந்தும் புற்றுநோயும்

எம்மூர் இல்லங்களில் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர் இராவுணவின்பின் உட்கொள்ளும் மாத்திரைகளுள் ஒன்று, ஸ்டற்றின் என்னும் இனத்தைச் சார்ந்தது. குருதியிலுள்ள கொலஸ்டரோலைக் குறைத்து மாரடைப்பைத் தடுத்தற்பொருட்டு மருத்துவர் இதனை விதிப்பர். இம்மருந்து புற்றுநோயாளரின் ஆயுளையும் நீட்டும் என்னும் செய்தி அண்மைக் காலத்திற் பரவி வருகின்றது. அது எத்துணை உண்மையுடைத்து என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இம்மருந்தின் வரலாறு வியப்புடையது. யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணங்கிகளைச் சோதித்து, அரிசியிற் படர்ந்த பூஞ்சணம் ஒன்றிலிருந்து 1973ஆம் ஆண்டில் இவ்வினத்தின் முதற் பொருளைக் கண்டறிந்தார். 1980இல், மிகுந்த அளவில் அதனை உண்ட நாய்களிடத்துப் புற்றுநோய் தோன்றியதோ என்னும் ஐயம் எழவே, அம்முயற்சி நிறுத்தப்பட்டது. எனினும், அவ்வினத்தைச் சார்ந்த லோவாஸ்டற்றின் என்னும் மருந்து 1987இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. புற்றுநோயை விளைவிக்கும் என அஞ்சப்பட்ட இனமே, பின்னர் அந்நோயாளர்க்குத் துணையாகுமோ என வினவப்படலாயிற்று.

இவ்வினாவுக்குத் தக்க காரணம் உண்டு. உடலில் கொலஸ்டரோல் ஆக்கப்படும் வழியில் ஒரு நொதியத்தை ஸ்டற்றின் தடுக்கின்றது. விரைந்து பெருகும் புற்றுநோய்க் கலங்களுக்குப் புதிய மென்சவ்வு அமைத்தற்குக் கொலஸ்டரோல் வேண்டும். அன்றியும், பெருக்கத்தைத் தூண்டும் சில புரதங்கள் தொழிற்படுதற்கும் அவ்வழியிற் பிறக்கும் பொருள்கள் வேண்டும். ஆகவே, வழியை அடைத்தால் வளர்ச்சி தளரும் என அறிஞர் எண்ணினர்.

இவ்வெண்ணத்துக்கு வலுவூட்டியது 2012இல் வெளிவந்த டென்மார்க் நாட்டு ஆய்வாகும். 1995 முதல் 2007 வரை புற்றுநோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 2,96,000 பேரின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. நோய் கண்டறியப்படுமுன்னரே ஸ்டற்றின் உண்டுவந்தோரிடையே புற்றுநோயால் இறக்கும் வீதம் ஏனையோரினும் 15 சதவீதம் குறைந்திருந்தது.

எனினும், உடனிருப்பது வேறு, காரணமாவது வேறு. காகம் இருக்கப் பனம்பழம் வீழ்ந்தது என்பதை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இலர். மருந்தை ஒழுங்காக உண்போர் மருத்துவரை அடிக்கடி காண்போர், உடல்நலம் பேணுவோர். அவர்தம் நீடித்த வாழ்வுக்கு மாத்திரை காரணமா, ஒழுக்கம் காரணமா? மேலும், நோய் கண்டபின் பல்லாண்டு மருந்துண்டவரைப் பிறரோடு ஒப்பிடும் ஆய்வுகளில் மற்றொரு வழுவும் நேரலாம். ஓய்வூதியம் பெறுவோர் முதுமை எய்துகின்றனர் என்று கண்டு, ஓய்வூதியமே ஆயுளை வளர்த்தது என்பார் உளரோ? அவ்வயதுவரை வாழ்ந்தவரன்றோ அதனைப் பெறுகின்றார்!

இவ்வையத்தைப் போக்கும் வழி, நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மற்றப் பிரிவினர்க்கு அதனையொத்த வெறுமாத்திரையும் அளித்துச் சோதித்தலாம். பிரித்தானியாவில் சிறுகல நுரையீரற் புற்றுநோயாளர் 846 பேரிடத்து அவ்வாறு நிகழ்ந்த சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. வழக்கமான மருத்துவத்தோடு பிராவாஸ்டற்றின் சேர்க்கப்பட்டும் ஆயுள் நீளவில்லை. இதயநோயின்பொருட்டு நிகழ்ந்த 27 சோதனைகளில் ஏறத்தாழ 1,75,000 பேரின் தரவுகளை ஒருங்கு நோக்கிய 2012ஆம் ஆண்டு ஆய்விலோ, ஸ்டற்றின் புற்றுநோயைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முன்னைய அச்சம் பெரிதும் நீங்கிற்று. பின்னைய நம்பிக்கையோ இன்னும் நிறுவப்படவில்லை.

இவ்வேறுபாட்டை உணர்தல் எமக்கு இன்றியமையாதது. தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011இல் நிகழ்ந்த நடைபயணத்தின் வாயிலாகத் திரட்டிய நிதியைக்கொண்டு அமைந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013 முதல் குடாநாட்டு மக்களுக்குப் பணிபுரிந்து வருகின்றது. அத்தகைய இடத்திற் பெறும் கதிர்மருத்துவத்தையோ மருந்தேற்றத்தையோ கைவிட்டு, மலிவான மாத்திரையொன்றை நம்புவார் உயிரையே இழக்கக்கூடும். தாமாகவே அதனைச் சேர்த்துண்பதும் தகாது. சில மருந்துகளோடு கூடுமிடத்து அது தசைகளுக்கு ஊறு செய்யும். இதயநலத்தின்பொருட்டு மருத்துவர் விதித்ததை, பழைய அச்சம் கருதி நிறுத்துதலும் வேண்டற்பாலதன்று. மருந்தின் தன்மையைச் சோதனை கூறட்டும். நோயாளியின் தேவையை மருத்துவர் கூறட்டும். செவிவழிச் செய்தி இவ்விரண்டின் இடத்தையும் கொள்ளாதிருப்பதாக.